மஞ்சளாகாத கறுப்பு

பம்பரம்போல் சுழல்கிறது சின்னக் கண்ணாடித் துண்டு. மேலே ஊற்றிய மஞ்சள் கரைசல் மெல்லிசாகப் பரவுகிறது. சுழற்சி நிற்பதற்குள், சரியான நொடி பார்த்து டாலுயீன் திரவத்தைச் சொட்டவிட வேண்டும். நொடி தப்பினால் படிகங்கள் இடைவெளி விட்டு வளர்ந்துவிடும். சூரிய மின்கலமாகும்போது மின்சாரம் அங்கேயே வீணாகும். பிறகு 100 டிகிரி சூட்டில் வைத்தால், வெளிறிக் கிடந்த படலம் கண்ணெதிரே பழுப்பாகிக் கறுத்துவிடும். அந்தக் கறுப்புதான் பெரோவ்ஸ்கைட். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட வராது. அதற்குள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியைக் குடித்துவிடும்.

பெயர் ஒரு கல்லுடையது. 1839இல் உரால் மலையில் கிடைத்த கனிமத்துக்கு ஜெர்மானியர் குஸ்தாவ் ரோஸ், ரஷ்யப் பிரமுகர் லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரைச் சூட்டினார். அந்தக் கல்லில் கால்சியம், டைட்டானியம், ஆக்சிஜன். இந்தப் படலத்தில் ஈயம், அயோடின், மீதைல் அம்மோனியம். அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் மட்டும் ஒன்று.

2009இல் யோகோஹாமாவில் விஞ்ஞானி மியாசகாவின் குழு இந்தப் படலத்தைச் சூரிய மின்கலத்தில் வைத்தபோது கிடைத்த செயல்திறன் 3.8 சதவீதம். அதுவும் நிலைக்கவில்லை. கலத்துக்குள் இருந்த திரவமே படலத்தைக் கரைத்தது. 2012இல் கொரியாவில் நாம்-கியு பார்க்கும் ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஸ்னெய்த்தும் திரவத்துக்குப் பதில் திடப்பொருளை வைத்தார்கள். பத்து சதவீதம் எட்டியது. இன்று 26ஐத் தாண்டிவிட்டது. இந்த இடத்துக்கு வர, வழக்கமான சூரியப் பலகையில் இருக்கும் சிலிக்கனுக்கு அறுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்த எண்களைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். என் கவலையெல்லாம் பெரோவ்ஸ்கைட்டின் ஆயுளைப் பற்றியே. ஈரக்காற்று பட்டால் மீதைல் அம்மோனியம் கழன்று ஓடிவிடும். மிஞ்சுவது ஈய அயோடைடு. கறுப்பு மறுபடி மஞ்சள். வெயிலிலேயே வாழவேண்டிய பொருளுக்குச் சூடும் ஆகாது என்பது எவ்வளவு பெரிய கொடுமை! மீதைல் அம்மோனியத்தின் இடத்தில் ஃபார்மமிடினியத்தை வைத்துப் பார்த்தார்கள். சூட்டைத் தாங்கியது. ஆனால் ஈயமும் அயோடினும் கட்டிய கூட்டுக்கு அது சற்றே பெரிது. அறை வெப்பத்தில் சும்மா வைத்திருந்தாலே மஞ்சளுக்குத் திரும்பியது. உருவில் சிறிய சீசியத்தைக் கொஞ்சம் கலந்த பிறகுதான் கூடு நிலைத்தது, கறுப்பும் நின்றது.

சந்தைக்கு வரும் சூரியப் பலகை 85 டிகிரி சூட்டிலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1000 மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். 2024இல் ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம், சிலிக்கன்மேல் பெரோவ்ஸ்கைட் பூசிய முதல் பலகைகளை அமெரிக்க வாடிக்கையாளருக்கு அனுப்பிவைத்தது. கடையில் சாதாரண சிலிக்கன் பலகைக்கு எழுதிக் கொடுக்கும் உத்தரவாதம் 25 ஆண்டு.