பூம்புகாரின் தொன்மை

பாலாற்றங்கரையிலுள்ள இவ்வாலாஜாபாத் விழாவில் அன்பரொருவர் எம்மை வினவினார்: "காவிரிப்பூம்பட்டினம் 11,000 ஆண்டுப் பழமையுடையதாமே, மெய்தானோ?"

1991-இல் கடலாய்வாளர் கரைக்கு 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை இலாட வடிவில் ஓர் அமைப்பைக் கண்டனர். கிரகாம் ஆன்காக் என்னும் பிரிட்டானிய எழுத்தாளர், அந்நிலத்தைக் கடல் மூடிய காலம் அதுவென்று கணக்கிட்டு, அஃது அக்காலத்து மாந்தர் கட்டியதே என 2002-இல் நூலெழுதினார். கேட்கச் செவிக்கு இனிமையே! யாமும் முதலில் மகிழ்ந்தோம். ஆயினும் கடல் மூடிய காலம் வேறு. மாந்தர் கட்டினரோ என்பது வேறு. முன்னது பின்னதற்குச் சான்றாகாது. கரையிலோ, 1960-களில் கீழையூரில் தொல்லியல் துறையார் அகழ்ந்த செங்கற் படகுத்துறையில் மரத்தூண்கள் கிடைத்தன. அவற்றின் காலம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியதென அளந்தனர்.

இந்திரவிழாவை மறந்தமையால் கடல்கொண்டது என்பது மணிமேகலை கூறும் காரணம். அது பௌத்தக் காப்பியம். எனினும் விழா மறத்தல் அதற்கும் பெருங்குற்றமே.

பெருமானின் தொன்மைக்குக் கடலடிக் கல்லைச் சான்று தேடுதல் எமக்கு உடன்பாடன்று. நாளை அக்கல் இயற்கைப் பாறையெனத் தெளிந்தால், இன்று அதனைக் காட்டிப் பேசியோர் என் செய்வர்? இயற்பகையார் பிறந்த ஊர் அது. சம்பந்தர் பாடிய பல்லவனீச்சரம் அங்குளது. யாத்திரை செல்வோர் அங்கு வழிபட்டுச் சாயாவனமும் காண்க. கீழையூர்த் துறையையும் தவறாது பார்த்து வருக.