லிவியாதான்: ஒரு பாம்பின் பட்டாபிஷேகம்

தமிழ் விவிலியத்தில் யோபு 41-ஆம் அதிகாரம் படித்தவர்களுக்கு லிவியாதான் தெரிந்த பெயர்தான். தூண்டிலுக்குச் சிக்காத, ஈட்டிக்கு அசராத கடல் விலங்கு. அந்தப் பெயர் சுருளுதல், வளைதல் என்ற பொருளுடைய எபிரேய வேரிலிருந்து வந்தது என்பார்கள். பெயர் விவிலியத்தைவிடப் பழையது. சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ராவில் 1929-இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த, பண்டைய உகரித் நகரின் களிமண் பலகைகளில் ஒரு ஏழுதலைப் பாம்பு வருகிறது. அதன் பெயரை லோத்தான் என்று படிக்கிறார்கள். அதற்குரிய அடைமொழிகளே ஏசாயா 27-இல் லிவியாதானுக்கும் வருகின்றன. இன்றைய எபிரேயத்தில் லிவியாதான் என்றால் வெறும் திமிங்கிலம்.

இந்தப் பாம்புக்கு முடிசூட்டியவர் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பாரிஸில் ஒதுங்கியிருந்து எழுதி, 1651-இல் லண்டனில் வெளியிட்ட நூலுக்கு அவர் வைத்த பெயர் லிவியாதான். முகப்புப் படத்தில் மலைகளுக்கு அப்பால் ஒரு ராட்சத மன்னன் எழுகிறான். ஒரு கையில் வாள், மறுகையில் ஆயரின் கோல். உடம்பெல்லாம் நெருக்கியடித்து நிற்கும் சிறு மனிதர்கள்.

ஏன் இந்தப் பெயர்? 28-ஆம் அத்தியாயத்தின் முடிவில் அவரே சொல்கிறார்: யோபுவில் லிவியாதான் ஆணவக்காரர்களுக்கெல்லாம் அரசன். மனிதரின் ஆணவத்தை அடக்கவும் அப்படியோர் அரசன் வேண்டும். அவர் பார்வையில், அரசில்லாத நிலையில் ஒவ்வொருவனுக்கும் எல்லாவற்றின் மீதும் உரிமை உண்டு, அடுத்தவன் உடம்பின் மீதுகூட. எல்லாருக்கும் எல்லாம் என்றால் எவனுக்கும் எதுவும் நிலைக்காது. ஆகவே உரிமையைத் துறந்து, அனைவரையும் அடக்கவல்ல ஓர் அரசை எழுப்புகிறார்கள்; அதுதான் லிவியாதான். அவர் வைத்தது வசைப்பெயர் அல்ல. ஆனால் அந்தப் பேருருவையும் சாகக்கூடிய தெய்வம் என்றுதான் அழைத்தார். தன் உயிருக்கு ஆபத்து வரும்போது எதிர்க்கும் உரிமையை எவனாலும் எழுதிக்கொடுக்க முடியாது என்றார். அவரைக் கொடுங்கோலரின் வக்கீல் என்பவர்கள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். அரசர்களுக்குச் சாதகமானது எனப்படும் அந்த நூலையே 1683-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தீயிலிட்டது.

ஹாப்ஸுக்கு அடுத்த தலைமுறை ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்குக்கோ உயிர், சுதந்திரம், உடைமை மூன்றும் அரசுக்கு முந்தியவை. அவற்றைக் காக்கத் தவறும் ஆட்சியை மக்கள் அகற்றலாம். 1689-இன் கடைசியில் பெயர் போடாமல் வெளியிட்ட அரசு பற்றிய நூலில், அடுத்த மனிதன் என்ற நரிக்குப் பயந்து, எல்லையற்ற அரசன் என்ற சிங்கத்துக்கு இரையாவது பாதுகாப்பா என்று கேலி செய்கிறார். வேடிக்கை என்னவென்றால், லிவியாதான் அந்த இடத்தில் வரவில்லை. சில பத்திகள் தள்ளி, பெரும்பான்மையின் முடிவு எல்லாரையும் கட்டுப்படுத்தாவிட்டால் வலிய லிவியாதானும் அற்பப் பிராணியைவிடச் சீக்கிரம் மாண்டுபோகும் என்கிறார். நீடித்து வாழவேண்டிய அரசுக்குத்தான் அவரும் அந்தப் பெயரைச் சொல்கிறார்!

இன்று அளவுமீறிப் பருத்த அரசை லிவியாதான் என்று திட்டும்போது, லாக்கின் அச்சத்துக்கு ஹாப்ஸின் சொல் இரவலாகிறது. ஹாப்ஸ் உண்மையில் அஞ்சிய விலங்கு வேறு: யோபு 40-இல் வரும் பிகெமோத். உள்நாட்டுப் போர் பற்றிய தன் நூலுக்கு அந்தப் பெயரை வைத்தார். 1942-இல், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த ஃபிரான்ஸ் நியூமன் ஹிட்லர் ஆட்சி பற்றி எழுதியபோது அதையே தேர்ந்தெடுத்தார். லிவியாதானில் சட்டத்தின் மிச்சமாவது இருக்கும், இங்கே அதுவும் இல்லை என்பது அவர் சொன்ன காரணம்.