மதுரை வட்டாரத்தில் விடுமுறையும் ஊதிய விடுப்பும்

மதுரையில் ஒருவருக்கு எந்தெந்த நாளில் சம்பளத்துடன் லீவு என்பதை அவர் பார்க்கும் வேலைக்கு உரிய சட்டமே முடிவுசெய்கிறது. தனியார் துறை முழுமைக்கும் பொதுவான பண்டிகை விடுமுறைச் சட்டம் இந்திய அளவில் கிடையாது. மாநிலங்கள் தனித்தனியே இயற்றியிருக்கின்றன.

1881-ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்களுக்கு மட்டும் மாதம் நான்கு நாள் ஓய்வு தந்தது. வயதுவந்தோருக்கு வார ஓய்வு 1891-இல்தான் வந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் மதுரையில் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை எழுந்தது. ஓய்வு கிடைத்ததே தவிர, அந்த நாளுக்குக் கூலி தரச் சட்டம் சொல்லவில்லை. ஊதியத்துடன் ஆண்டு விடுப்பை உறுதியாக்கியது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம்: ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு, பார்த்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள். 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த 240-ஐ 180 ஆகக் குறைத்தது.

பண்டிகைக்கு வழி செய்தது 1958-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம். ஆலை, கடை, தோட்டம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். இன்றைய வடிவில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாள்களும் உண்டு. அந்த ஐந்தை முதலாளியையும் தொழிலாளரையும் கலந்துகொண்டு தொழிலாளர் ஆய்வாளர் குறிப்பிட வேண்டும். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். அல்லது அன்றைய சம்பளத்தோடு, சம்பளத்துடன் கூடிய மாற்று விடுப்பு. தொழிலாளர் தம் ஊர்த் திருவிழாவைச் சட்டத்துக்குள் கொண்டுவர இடம் தருவதால், இச்சட்டத்தின் மிக மதிப்புள்ள பகுதி, அந்த ஐந்து நாள்களைக் கலந்துபேசிக் குறிப்பிடும் ஏற்பாடே என்று சொல்லலாம்.

சித்திரைத் திருவிழா அதற்குச் சரியான சான்று. அழகர் வைகையில் இறங்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது வழக்கம். அரசு அலுவலகங்களும் பள்ளி, கல்லூரிகளும் மூடியிருக்கும்; ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். ஆனால் இந்த விடுமுறை 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்று அறிவிப்பிலேயே இருக்கும். எனவே வங்கிகளுக்கு அது பொருந்தாது. தனியார் ஆலையையும் ஜவுளிக்கடையையும் அது கட்டுப்படுத்தாது. அங்கே வேலை பார்ப்பவருக்கு அழகர் நாள் அந்த ஐந்துக்குள் இடம்பெற வேண்டும். இல்லையென்றால் சொந்த விடுப்பைச் செலவழிக்க வேண்டும். ஊரே ஆற்றில் திரளும் நாளில் இது பெரிய குறை.

மேலூர்ப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள், சித்தாள்கள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோருக்கு இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் எட்டுவதில்லை. 1982-ஆம் ஆண்டின் மாநில உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே அமைந்த நல வாரியங்கள் உதவித்தொகை தருகின்றன. விடுப்புச் சம்பளம் தருவதில்லை. 1996-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் சேர்ந்த 135பி பிரிவு மட்டும் வாக்குப்பதிவு நாளில், வேலை பார்க்காத நாளுக்குக் கூலி பெறாத தொழிலாளிக்கும் அன்றைய கூலியை நிறுவனம் தர வேண்டும் என்கிறது.