சுகாதாரத் தகவல் முறைமை: விருதுநகர் மாவட்டமும் சிவகாசிப் பட்டாசு வட்டாரமும்

சுகாதாரத் தகவல் முறைமை என்பது நோயாளியைப் பற்றியும், மருந்து, படுக்கை, பணியாளர் இருப்பைப் பற்றியும் எழுதப்படும் குறிப்புகளைத் திரட்டி, உரிய ஆளிடம் உரிய நேரத்துக்குள் சேர்க்கும் ஏற்பாடு. கணினி அதில் ஒரு பகுதிதான். கிராம சுகாதார செவிலியரின் பதிவேடு, ஓ.பி. சீட்டு, ஆம்புலன்ஸில் கையோடு கொடுத்தனுப்பும் கடிதம், கட்டுப்பாட்டு அறையின் தொலைபேசி எல்லாமே அதில் அடங்கும். இந்தக் குறிப்புகள் எப்படிப் பயணிக்கின்றன, எங்கே தேங்குகின்றன, நிர்வாகம் அவற்றை வைத்து என்ன முடிவெடுக்கிறது என்று ஆராய்வதே தகவல் முறைமை ஆய்வு.

1985 மார்ச் 15 அன்று ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து, காமராசர் மாவட்டம் என்ற பெயரோடு உருவானது விருதுநகர் மாவட்டம். 11 ஊராட்சி ஒன்றியங்கள். 2011 கணக்கெடுப்பின்படி 19,42,288 பேர். பொதுச் சுகாதார நிர்வாகத்துக்காக விருதுநகர், சிவகாசி என இரண்டு சுகாதார மாவட்டங்களாக இது பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொதுச் சுகாதார இயக்ககத்தின் கீழ் வருகின்றன. சாத்தூர், சிவகாசி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தைச் சேர்ந்தவை. விருதுநகர் தலைமை மருத்துவமனை, 2022 ஜனவரி 12 அன்று அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதோடு மருத்துவக் கல்வித் துறையின் கைக்குப் போனது. சிவகாசியின் இ.எஸ்.ஐ. மருத்துவமனை தொழிலாளர் துறைப் பக்கம். 2008 செப்டம்பரில் தமிழகத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவைக்குத் தனி நிர்வாகம். 2012-இல் இன்றைய வடிவம் பெற்ற முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு வேறொன்று.

ஒரு பட்டாசுத் தொழிலாளி தன் வாழ்நாளில் இத்தனை கதவுகளையும் தட்ட வேண்டியிருக்கும். கர்ப்பிணியான ஒரு தொழிலாளியின் கைப்பையைத் திறந்து பார்த்தால் இது விளங்கும். இ.எஸ்.ஐ.க்கு 10 இலக்க எண், பிரசவப் பதிவுக்கு 12 இலக்க எண், 2021-இல் நாடு முழுக்க வந்த ஆபா சுகாதார அடையாள அட்டைக்கு 14 இலக்க எண், இவை போக ஆதார். ஆள் ஒருவர்தான். அவரைப் பற்றிய குறிப்புகள் நான்கு பெயர்ப்பலகைகளின் கீழ் கிடக்கின்றன.

ஆய்வு சொல்வது

ஏழை நாடுகளின் சுகாதாரப் பதிவுகளைப் பற்றிய முக்கியமான ஓர் ஆய்வு மரபு, நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு தென்னாப்பிரிக்காவில் வேர்விட்டது. இனத்துக்கொரு நிர்வாகமாகச் சிதறிக் கிடந்த புள்ளிவிவரங்களை ஒரே மாவட்டக் கணக்காகக் கொண்டுவருவது அங்கே முதல் வேலை. ஆஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளூர்ச் செவிலியர்களோடு உட்கார்ந்து உருவாக்கிய மென்பொருள்தான் பின்னாளில் டி.எச்.ஐ.எஸ். 2 என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவில் அந்த முயற்சி 2000-இல் தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திரத்துக் குப்பத்தில் தொடங்கியது. ஒரே ஊரில் சோதனைக்காக அமைக்கும் முறைமை, அதை அமைத்தவர்கள் கிளம்பியதும் பட்டுப்போகும். பல ஊர்கள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ளும் வலைப்பின்னல் இருந்தால்தான் தழைக்கும் என்று யோர்ன் பிரா, எரிக் மான்டெய்ரோ, சுந்தீப் சஹாய் மூவரும் 2004-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு விருதுநகரைப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. தகவல் போகும் திசை இரண்டு. செவிலியரிடமிருந்து வட்டாரத்துக்கு, அங்கிருந்து மாவட்டத்துக்கு, சென்னைக்கு, டெல்லிக்கு என்று மேலே ஏறுவது ஒன்று. ஒரு மருத்துவமனையிலிருந்து பக்கத்து மருத்துவமனைக்குப் போவது மற்றொன்று. மேலே ஏறும் பாதை இங்கே நன்றாகவே போடப்பட்டிருக்கிறது. பக்கத்துக்குப் போகும் பாதை இன்னும் பல இடங்களில் ஒற்றையடிப் பாதைதான்.

நன்றாக நடந்தவை

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக், அதில் அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு. மருந்து எடுக்க எடுக்கத் தொகை கழியும். மாவட்டக் கிடங்குகளின் இருப்புக் கணக்கு கணினி வழியாகத் தலைமையகத்துக்குத் தெரியும். எது குறைகிறது என்று பார்த்துக் கொள்முதல் நடக்கும். கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே மாதிரியில் கழகங்கள் அமைத்தன. எதை எழுதுவது, யார் எழுதுவது, எழுதினால் எழுதியவருக்கு என்ன கிடைக்கும் என்ற மூன்றும் பாஸ்புக்கில் தெளிவாக இருந்தன. சரியாக எழுதினால் மருந்து வரும் என்பதைவிட ஒரு மருந்தாளுநருக்கு வேறென்ன ஊக்கம் வேண்டும்?

உலக வங்கி உதவியோடு 2005 முதல் 2015 வரை நடந்த தமிழ்நாடு சுகாதார முறைமைத் திட்டம், அரசு மருத்துவமனைகளுக்குக் கணினிப் பதிவைக் கொண்டுவந்தது. ஆனால் ஊர் மக்கள் வாயில் நின்ற பெயர் ‘பிக்மி’. கர்ப்பிணிகளையும் பச்சிளங்குழந்தைகளையும் பெயர் பெயராகத் தொடர்ந்து கவனிக்கும் இந்தப் பதிவு, 2017-இல் இரண்டாம் வடிவம் பெற்று நாட்டின் ஆர்.சி.எச். (இனப்பெருக்க, குழந்தைகள் நல) பதிவோடு சேர்ந்தது. 12 இலக்க எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் இல்லை, மகப்பேறு உதவித்தொகையும் இல்லை என்றானதும் “பிக்மி நம்பர் போட்டாச்சா?” என்று மாமியார்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

பிக்மி தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் ஒன்று உண்டு. நம் ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். திருத்தங்கலில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டு நரிக்குடிக்கோ திருச்சுழிக்கோ அழைத்துப் போய்விடுவார்கள். ஆறு மாதம் ரத்த அழுத்தத்தையும் எடையையும் பார்த்துவந்த செவிலியர் ஓரிடத்தில், பிரசவ வலி எடுக்கும்போது ஓடிவரும் செவிலியர் வேறிடத்தில். அந்தப் பெண்ணின் ரத்தச்சோகையும் முந்தைய கருச்சிதைவும் கூடவே போகாவிட்டால், கடைசி இரண்டு மாதம் அவர் புது நோயாளி. ஒரே எண்ணை வைத்து இரு செவிலியர்களும் ஒரே பதிவைப் பார்க்க வழி செய்ததே பிக்மியின் பெரிய காரியம். தகவல் பக்கத்துக்கும் போக முடியும் என்பதற்கு மாவட்டத்தில் உள்ள நல்ல சாட்சி அது.

2018 டிசம்பர்

நிதி ஆயோக் 2018 ஜனவரியில் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்துக்குத் தமிழகத்திலிருந்து இரண்டே மாவட்டங்கள் தேர்வாயின: ராமநாதபுரமும் விருதுநகரும். சுகாதாரம், கல்வி, வேளாண்மை, நிதிச் சேவை, அடிப்படை வசதி ஆகியவற்றின் குறியீடுகளை மாதந்தோறும் பொதுவலைதளத்தில் ஏற்றி, எந்த மாவட்டம் எவ்வளவு முன்னேறியது என்று தரவரிசை போட்டார்கள். 2018 ஜூன் முதல் அக்டோபர் வரையிலான முன்னேற்றத்துக்கு டிசம்பர் 27 அன்று வெளியான பட்டியலில் விருதுநகர் முதலிடம் பிடித்தது. இரவு பகலாக அலைந்த செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உரிய பெருமை அது.

அதே வாரத்தில்தான் சாத்தூர்ச் செய்தியும் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்தது. டிசம்பர் 3 அன்று சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தச்சோகைக்காக ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. ரத்தம் வந்தது சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து. தானம் கொடுத்த இளைஞர் உறவினருக்காக நவம்பர் 30 அன்று கொடுத்திருந்தார். வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், ஓடிப்போய்த் தகவல் சொன்னவர் அவரேதான். 2016-இல் அவர் ரத்தம் கொடுத்தபோதே தொற்று கண்டறியப்பட்டிருந்தது, ஆனால் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் மதுரையில் குழந்தை பிறந்தது.

பரிசோதனையில் நடந்த தவறு ஒருபுறம். அதற்காகப் பணியாளர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. தகவல் முறைமையின் கண்ணோடு பார்த்தால் இன்னொன்றும் இருக்கிறது. 2016-இன் முடிவு எங்கோ எழுதப்பட்டிருந்தது. எழுதிய இடத்திலிருந்து அந்த இளைஞரிடமும் அது போகவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அவர் கையை நீட்டியபோது எதிரே உட்கார்ந்திருந்தவரிடமும் போகவில்லை. மாதக் கணக்கில் ‘ஒரு யூனிட் நிராகரிப்பு’ என்ற எண்ணிக்கையாக அது மேலே ஏறியிருக்கக்கூடும். அந்த எண்ணிக்கை யாரையும் காப்பாற்றாது.

இதற்கு மறுமொழியாக, ரகசியம் என்ற காரணம் சொல்லப்படுவதுண்டு. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், ஒருவரின் தொற்று நிலையை வெளியிடுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. அது தேவையான சட்டம். ஆனால் ரத்த வங்கிக்கு நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை. ‘இவரிடம் ரத்தம் எடுக்க வேண்டாம்’ என்ற ஒற்றை வரி போதும். காரணத்தைச் சொல்லாமல் எச்சரிக்கையை மட்டும் கடத்தும் ஒத்திவைப்புப் பட்டியல், ரத்த வங்கிகளுக்குப் பழக்கமான முறைதான். எல்லா ரத்த வங்கிகளும் ஒரே பட்டியலைப் பார்க்கும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது.

தீக்காயமும் கடிகாரமும்

சிவகாசி வட்டாரத்தில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஆலைக்குள் மருந்து என்றால் வெடிமருந்துக் கலவை. மருந்து செலுத்துவது, மருந்து அலசுவது என்று வேலைகளையே அப்படித்தான் பிரிப்பார்கள். உராய்வாலோ வெயில் சூட்டாலோ அது பற்றிக்கொண்டால் ஓர் அறையோடு நிற்பதும் உண்டு, ஆலையே போவதும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். காப்பாற்றப் போனவர்களும் பார்க்கப் போனவர்களும் அதில் இருந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் இருபது பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். பெரிய விபத்து என்றால் கடுமையான காயம்பட்டவர்கள் 70 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்படுவதே வழக்கம்.

அந்தப் பயணத்தில் நோயாளியோடு போக வேண்டிய தகவல் மிகச் சிறியது. எந்த அளவு வெந்திருக்கிறது, எடை எவ்வளவு, எத்தனை மணிக்கு வெந்தது, இதுவரை எவ்வளவு திரவம் ஏற்றியாயிற்று. அளவுக்கு ஒன்பதின் விதி உண்டு: தலை 9 சதவீதம், ஒரு கை 9, ஒரு கால் 18, உடம்பின் முன்புறம் 18, பின்புறம் 18. திரவத்துக்கு பார்க்லாண்ட் சூத்திரம்: எடையையும் வெந்த சதவீதத்தையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கினால் முதல் 24 மணி நேரத்துக்கான மில்லிலிட்டர் வரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 சதவீதம் வெந்திருந்தால் 9,600 மில்லிலிட்டர். அதில் பாதியை முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றத் திட்டமிட வேண்டும். அந்த எட்டு மணி நேரம் தொடங்குவது மருத்துவமனையில் சேர்த்த நேரத்திலிருந்து இல்லை, தீப்பட்ட நேரத்திலிருந்து.

காலை 11 மணிக்கு வெடித்தது என்று வைத்துக்கொள்வோம். மாலை 7 மணிக்குள் 4,800 மில்லிலிட்டர் போயிருக்க வேண்டும். மதுரையில் ஒன்றரை மணிக்கு இறக்கும்போது கையில் சீட்டு இல்லை, கூட வந்தவர் வேறு ஆலைக்காரர், நோயாளி பேசும் நிலையில் இல்லை என்றால், அங்குள்ள மருத்துவர் கணக்கை ஒன்றரையிலிருந்து தொடங்க நேரும். கெடு இரவு ஒன்பதரைக்குத் தள்ளிப்போகும். சிறுநீரகத்துக்கு அந்த இரண்டரை மணி நேரம் பெரிது. வழியில் ஏற்கெனவே ஏற்றியது தெரியாமல் மறுபடி அதையே ஏற்றினால் நுரையீரல் தாங்காது.

யார் காயம்பட்டார் என்பதே சில சமயம் குழப்பமாகிவிடும். பக்கத்து கிராமங்களிலிருந்து ஆலை வேனில் வரும் தொழிலாளர்களின் அன்றைய வருகைப் பதிவு ஆலைக்குள்ளேயே இருந்தால், தீ அதையும் எடுத்துக்கொள்ளும். உள்குத்தகைக்கு விட்ட அறைகளில் வேலை பார்ப்பவர்கள் எந்தப் பதிவிலும் இருக்கமாட்டார்கள். ஆலை உரிமங்களும் ஒரே இடத்தில் இல்லை. சிறிய ஆலைகளுக்கு மாவட்ட வருவாய் நிர்வாகம், மற்றவற்றுக்கு அளவைப் பொறுத்து வெடிபொருள் துறையின் சென்னை அல்லது நாக்பூர் அலுவலகம். வெடித்த ஆலையில் எத்தனை அறை, என்ன வேதிப்பொருள், எத்தனை ஆள் என்ற விவரம் முதல் ஆம்புலன்ஸ் கிளம்பும்போதே மருத்துவமனைக்குத் தெரிந்தால், எத்தனை படுக்கை ஒழிக்க வேண்டும் என்று அங்கே முடிவெடுக்கலாம்.

விபத்து இல்லாத நாட்களிலும் தகவல் இப்படித் தேங்குவதுண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் வீட்டு வாசலிலேயே அளந்து பதிகிறது. ஆலை வேன் விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போய்விடும் கிராமத்தில் பகலில் வாசல் பூட்டியிருக்கும். வேலையிடத்துக்கே போய்ப் பரிசோதிக்கும் தொழிலாளரைத் தேடி மருத்துவம் 2024-இல் வந்தது. அங்கே எடுக்கும் அளவு இ.எஸ்.ஐ. மருந்தகத்தின் திரையிலும் தெரிந்தால்தான் மாத்திரை தொடரும்.

தீக்காயச் சீட்டுக்கு இவ்வளவு பெரிய இணைப்பு வேண்டியதில்லை. முதலுதவி செய்யும் இடத்தில் கொடுக்கும் பரிந்துரைத் தாளின் மேல் வரியில் ‘தீப்பட்ட நேரம்’ என்று ஒரு கட்டம், அதன் கீழே ‘ஏற்றிய திரவம்’ என்று இன்னொரு கட்டம். தாள் வழியில் தொலையும் என்றால், காயம்படாத தோலில் அந்த இரண்டு எண்களையும் மார்க்கர் பேனாவால் எழுதி அனுப்பலாம்.