பிழையோடு வெளிவந்த புத்தகம்



நீங்கள் எனக்கு எழுதும் செய்திகளில் கொஞ்ச காலமாக ஒரே வருத்தம் வேறு வேறு உருவில் வருகிறது. ஆய்வேடு எழுதி முடித்துவிட்டேன், ஆனால் கொடுக்க மனம் வரவில்லை என்கிறாள் ஒருத்தி. கடை திறக்க எல்லாம் தயார், இன்னும் கொஞ்சம் சரிசெய்துவிட்டுத் திறக்கிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்கிறான் இன்னொருவன். அலுவலகத்தில் ஒரு சின்னப் பிழை நடந்தால் மூன்று நாள் தூக்கம் வருவதில்லை, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்றே மனம் சொல்கிறது என்கிறார் உறவில் ஒருவர்.

எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன். ஆனாலும் விலங்கியல் பாடத்தில் அரைப் பக்கத்தில் நாம் கடந்துபோன ஒரு மனிதரின் கதையை முழுதாகச் சொன்னால் இன்னும் பயன்படும் என்று தோன்றியது. அவர் சார்லஸ் டார்வின். பாடத்தில் அவருடைய கொள்கையைப் படித்தோம். அந்தக் கொள்கை மேசையிலிருந்து அச்சகம் போய்ச்சேர எத்தனை காலம் எடுத்தது என்பதைப் பேச அன்று நேரம் இருக்கவில்லை.

டார்வின் 1831ஆம் ஆண்டின் கடைசியில் பீகிள் கப்பலில் ஏறியபோது அவருக்கு வயது 22. ஐந்து வருடம் உலகைச் சுற்றிவிட்டு 1836இல் இங்கிலாந்து திரும்பினார். 1838 செப்டம்பரில், மக்கள்தொகை பற்றி மால்தஸ் எழுதிய நூலைப் படிக்கும்போது அவருக்குப் பொறி தட்டியது. பிழைத்திருக்கப் போராடும் உயிர்களில், சூழலுக்கு ஏற்ற சிறு வேறுபாடு கொண்டவை தங்குகின்றன, மற்றவை அழிகின்றன. இயற்கைத் தேர்வு என்று நாம் படித்தது இதைத்தான்.

புத்தகம் வந்தது 1859இல். இடையில் 21 ஆண்டுகள்.

அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. 1842இல் பென்சிலால் 35 பக்கத்துக்கு ஒரு சுருக்கம் எழுதினார். 1844இல் அதை 230 பக்கம் அளவுக்கு விரித்தார். பிறகு அந்தக் கட்டை மூடி வைத்துவிட்டு மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் திடீரென இறந்துவிட்டால், 400 பவுண்டு செலவழித்துத் தகுந்த ஒருவரைக் கொண்டு இதைச் சரிபார்த்து வெளியிட வேண்டும் என்பது அதன் சாரம். யோசித்துப் பாருங்கள். தான் செத்த பிறகு உலகம் படிக்கலாம், உயிரோடு இருக்கும்போது வேண்டாம் என்று 35 வயதுக்காரர் ஒருவர் ஏற்பாடு செய்கிறார்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். காரணம் ஒன்றல்ல. அவருக்கு வேறு நூல்களை முடிக்க வேண்டியிருந்தது. வாந்தியும் நடுக்கமும் அவரை நாள்கணக்கில் படுக்கையில் போட்டன. மதம் சார்ந்த எதிர்ப்பும் சாதாரணமானதல்ல. அதே 1844இல் உயிரினங்களின் மாற்றம் பற்றி ஒருவர் பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டார். அறிஞர்கள் அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அவர்களில் டார்வினுக்கு நிலவியல் சொல்லிக்கொடுத்த செட்ஜ்விக்கும் ஒருவர். இதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் ஒரு காரணம் மிஞ்சுகிறது. இன்னும் போதாது, இதைச் சொல்ல எனக்குத் தகுதி போதாது என்ற எண்ணம்தான் அது.

1845இல் அவருடைய நண்பர், தாவரவியலாளர் ஹூக்கர், வேறொரு ஆசிரியரைப் பற்றி ஒரு கருத்து எழுதினார். பல உயிரினங்களை நுணுக்கமாக ஆராய்ந்து விவரித்திராத ஒருவருக்கு இனங்களின் தோற்றம் பற்றிப் பேச உரிமையில்லை என்ற பொருளில். ஹூக்கர் டார்வினை நினைத்து அதை எழுதவில்லை. டார்வினோ அதைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டார். யாரோ யாரையோ சொன்னதை நாம் நம் தலையில் போட்டுக்கொள்வோமே, அதே கதைதான்.

1846 அக்டோபரில் சிலி நாட்டுக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னஞ்சிறு பார்னக்கிளை எடுத்து ஆராயத் தொடங்கினார். பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டி வளருமே, அந்த ஓட்டுயிர்தான். சில மாதங்களில் முடியும் என்று நினைத்த வேலை எட்டு ஆண்டுகள் நீண்டது. உலகெங்குமிருந்து மாதிரிகளை வரவழைத்து, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். அப்பா என்றால் பார்னக்கிள் பார்ப்பவர் என்றே அவருடைய பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, "அவர் எங்கே உட்கார்ந்து பார்னக்கிள் பார்ப்பார்?" என்று ஒரு பிள்ளை கேட்டதாக அந்தக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு.

அந்த வேலை வீண் என்று சொல்ல மாட்டேன். நான்கு நூல்கள் வந்தன. 1853இல் ராயல் சொசைட்டியின் பதக்கம் கிடைத்தது. ஒரே இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதை அவர் கண்ணால் கண்டதும் அப்போதுதான். கவனமும் உழைப்பும் கெட்ட குணங்கள் இல்லை. ஆனால் முதுமையில் தன்வரலாறு எழுதியபோது, அதற்கு அத்தனை காலம் செலவிட்டிருக்க வேண்டுமா என்று டார்வினே சந்தேகப்பட்டார். முக்கியமான காகிதக் கட்டு அந்த எட்டு ஆண்டும் மூடியபடியே கிடந்தது.

இனி இன்னொரு மனிதரைப் பாருங்கள். ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், டார்வினைவிட 14 வயது இளையவர். சொத்து கிடையாது, பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து விற்றுப் பிழைத்தவர். அமேசான் காடுகளில் நான்கு ஆண்டு சேகரித்ததை எடுத்துக்கொண்டு 1852இல் ஊர் திரும்பும்போது நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. சேகரிப்பில் பெரும்பகுதி போயிற்று. பத்து நாள் படகில் மிதந்து உயிர் பிழைத்தார். அடுத்த ஆண்டே, கையில் மிஞ்சிய குறிப்புகளையும் நினைவையும் வைத்து இரண்டு நூல்கள் வெளியிட்டார். குறைகள் இருந்தன. ஆனால் முழுமையாக எழுதத் தேவையானது கடலுக்கடியில் இருந்தது. இருப்பதை வைத்து எழுதினார்.

அவர் 1858இல் இன்றைய இந்தோனேசியத் தீவுகளில் காய்ச்சலில் படுத்திருந்தபோது, டார்வினுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் தட்டிய அதே பொறி அவருக்கும் தட்டியது. காய்ச்சல் தணிந்ததும் ஓரிரு மாலைகளில் கட்டுரையாக எழுதி, கருத்துக் கேட்டு ஒருவருக்குத் தபாலில் அனுப்பினார். அந்த ஒருவர் டார்வின்!

1858 ஜூன் 18 அன்று அந்தத் தபாலைப் பிரித்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அப்போது அவர், நிலவியல் அறிஞர் லயல் இரண்டு வருடம் முன் வற்புறுத்தியதால், எல்லாச் சான்றுகளும் அடங்கிய மாபெரும் நூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். முடிவு கண்ணுக்கெட்டவில்லை. லயல் எச்சரித்தபடியே நடந்துவிட்டது. தன் கட்டை இப்போது அவசரமாக வெளியிட்டால் அது ஈனச்செயல் ஆகிவிடுமோ, அதற்குப் பதில் எழுதியதையெல்லாம் எரித்துவிடலாம் என்று லயலுக்கு எழுதினார். அதே நாட்களில் வீட்டில் தொற்றுக்காய்ச்சல். ஒன்றரை வயதுக் கடைசி மகன் ஜூன் 28 அன்று இறந்தான்.

தன்னால் முடிவெடுக்க முடியாத அந்த நேரத்தில் டார்வின் ஒரு நல்ல காரியம் செய்தார். முடிவை லயலிடமும் ஹூக்கரிடமும் விட்டுவிட்டார். அவர்கள் 1844 கட்டுரையின் பகுதிகளையும் வாலஸின் கட்டுரையையும் சேர்த்து, ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் வாசிக்கச் செய்தார்கள். டார்வின் அங்கே இல்லை. மகனை அன்றுதான் அடக்கம் செய்தார்கள். வாலஸ் எங்கோ தீவில் இருந்தார், அவரைக் கேட்க வழியும் இல்லை, கேட்கவும் இல்லை. ஆனால் பின்னர் அவர் கசப்பு காட்டவில்லை. தன் நூல் ஒன்றுக்கே 'டார்வினிசம்' என்று பெயர் வைத்தார்.

இத்தனை பயந்த அந்த வெளியீடு நடந்ததும் வானம் இடிந்து விழுந்ததா? அந்த ஆண்டில் குறிப்பிடத்தக்க கண்டுபிடிப்பு எதுவும் வரவில்லை என்று சங்கத் தலைவர் தன் ஆண்டு உரையில் சொல்லிவிட்டுப் போனார்!

பெரிய நூலை ஓரமாக வைத்துவிட்டு டார்வின் ஒரு சுருக்கம் எழுத உட்கார்ந்தார். இருபது ஆண்டுகளில் முடியாதது, நோய்க்கு நடுவிலும் ஒரு வருடம் சொச்சத்தில் முடிந்தது. தலைப்பிலேயே 'சுருக்கம்' என்ற சொல்லைப் போட்டுவிட வேண்டும் என்று விரும்பினார். இது முழுமை இல்லை என்று வாசலிலேயே மன்னிப்புக் கேட்கும் ஆசைதான். பதிப்பாளர் ஜான் முர்ரே ஒப்பவில்லை. 1859 நவம்பர் 24 அன்று 'உயிரினங்களின் தோற்றம்' 1,250 பிரதிகளாக வெளிவந்தது.

அந்தப் புத்தகத்தில் பிழை இருந்ததா? இருந்தது. தென் இங்கிலாந்தின் ஒரு நிலப்பகுதி அரித்துப்போக 30 கோடி ஆண்டு ஆகியிருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தார். விமர்சனம் வந்தது. மூன்றாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார். வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் கரடி காலப்போக்கில் திமிங்கிலம் போல ஆகலாம் என்று எழுதியதைக் கேலி செய்தார்கள். இரண்டாம் பதிப்பில் அதைக் குறைத்துவிட்டார். பண்புகள் எப்படி மரபுவழி வருகின்றன என்பது தெரியாது என்று புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டார். 1872 வரை ஆறு பதிப்புகள், ஒவ்வொன்றிலும் திருத்தம். பிழையுள்ள முதல் பதிப்பு வந்ததால்தான் திருத்திய மற்ற ஐந்தும் வர முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ஆறாவது அத்தியாயம். தன் கொள்கைக்கு எதிரான சிக்கல்களை அவரே அதில் வரிசையாக அடுக்குகிறார். கண் போன்ற உறுப்பு எப்படி உருவாகியிருக்கும், இடைப்பட்ட வடிவங்கள் எங்கே என்றெல்லாம் தானே கேட்டு, தன்னால் இயன்ற பதிலைச் சொல்கிறார். தன் கருத்துக்கு எதிரான செய்தி கண்ணில் பட்டால் உடனே குறித்து வைப்பது அவர் பழக்கம். சாதகமானதைவிட அது சீக்கிரம் மறந்துபோகும் என்று கண்டிருந்தார். தன்னைக் கடுமையாகக் கேள்வி கேட்கும் அதே குணம்தான் இது. ஆனால் மனதுக்குள் "நீ லாயக்கில்லை" என்று சுற்றிக்கொண்டிருந்தது, காகிதத்தில் "இந்த வாதத்தில் இந்த இடம் பலவீனம்" என்று மாறியதும் பயனுள்ள அத்தியாயம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் தன்னைத் திட்டிக்கொள்வது நின்றுவிட்டதா என்றால், இல்லை. ஸ்காட்லாந்தின் கிளென் ராய் பள்ளத்தாக்கில் மலைச்சரிவுகளில் படிபோலத் தெரியும் கோடுகளைப் பழைய கடற்கரைகள் என்று 1839இல் எழுதியிருந்தார். அவை பனிப்பாறை அடைத்து உண்டான ஏரிகளின் கரைகள் என்று 1861இல் ஏற்க வேண்டி வந்தது. என் கட்டுரை முழுவதுமே மாபெரும் தவறு என்று லயலுக்கு எழுதினார். அடுத்த மாதமே அவருக்கு இன்னொரு கடிதம். உடம்பு சரியில்லை, மூளை ஓடவில்லை, எல்லோர் மேலும் எல்லாவற்றின் மேலும் வெறுப்பாக இருக்கிறது, எழுதிக்கொண்டிருக்கும் ஆர்க்கிட் பூக்களின் மேல்தான் அதிக வெறுப்பு என்று. நம்மில் ஒருவர் இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது போல இல்லை? அந்த ஆர்க்கிட் நூல் 1862 மே மாதம் வெளிவந்தது. ஒரு மடகாஸ்கர் பூவின் நீண்ட தேன்குழலை வைத்து, அதற்கேற்ற நீளமான உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி அங்கே இருக்க வேண்டும் என்று அதில் ஊகித்தார். அப்படிப்பட்ட பூச்சியை அறிஞர்கள் விவரித்தது 1903இல். டார்வின் இறந்து 21 ஆண்டு ஆகியிருந்தது. சான்று கையில் வரும்வரை சொல்ல மாட்டேன் என்றிருந்தால் அந்த வரி எழுதப்பட்டே இருக்காது.

டார்வினின் பழக்கங்களில் நீங்கள் நாளையே கைக்கொள்ளக்கூடியவை மூன்று உண்டு. முதலாவது, முதல் பிரதியைக் கிறுக்கலாக எழுதுவது. யோசித்து யோசித்து வாக்கியம் அமைப்பதைவிட, பாதிச் சொற்களைச் சுருக்கி வேகமாக எழுதிவிட்டுப் பிறகு நிதானமாகத் திருத்துவதே நேரத்தை மிச்சப்படுத்துகிறது, பல சமயம் அந்த வாக்கியங்களே நன்றாகவும் அமைகின்றன என்று அவர் பிற்காலத்தில் கண்டுகொண்டார். இரண்டாவது, குறையை மனதில் வைத்து உருட்டாமல் காகிதத்தில் இறக்குவது. ஆய்வேடாக இருந்தால் அதற்கென ஒரு பகுதியே ஒதுக்கலாம். மூன்றாவது, போதும், கொடுத்துவிடு என்று சொல்லும் உரிமையை நம்பிக்கையான இரண்டு பேருக்குக் கொடுப்பது. நமக்கு நாமே நல்ல நீதிபதி இல்லை.

நம் வீடுகளில் பிள்ளை 98 மதிப்பெண்ணோடு வந்தால் இரண்டு எங்கே போனது என்று கேட்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்ட தாத்தா போன பிறகும் குரல் மட்டும் தலைக்குள் தங்கிவிடுகிறது. அந்தக் குரல் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கெடுக்கும் அளவுக்குப் போனால், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் போவது போல மருத்துவரிடம் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

டார்வினின் 1842ஆம் ஆண்டுப் பென்சில் சுருக்கம், எம்மா 1896இல் மறைந்த பிறகு, மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரியில் கிடைத்தது. உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் எது கிடக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்கள். சரிசெய்ய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று எண்ண வேண்டாம். யாரிடம் கொடுக்கலாம் என்று மட்டும் யோசியுங்கள். வேறு யாரும் தோன்றவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மையை எடுக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் சார்