14 ராத்தல் பாலாடைக்கட்டி

ப்ரீ என்கிற பிரெஞ்சு சீஸைப் பற்றித் தேடினால் முதலில் வந்து நிற்பவர்கள் எல்லாம் ராஜாக்கள்தான். 8ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஷார்லமேன் அதைத் தின்று சொக்கிப்போனாராம். 1791இல் தப்பி ஓடிய பதினாறாம் லூயி, வழியில் ப்ரீ தின்ன உட்கார்ந்ததால்தான் பிடிபட்டாராம். 1815 வாக்கில் வியன்னா மாநாட்டில், நெப்போலியனுக்குப் பிந்தைய ஐரோப்பாவைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பிரெஞ்சு ராஜதந்திரி தாலேராண்ட் ஒரு சீஸ் போட்டி நடத்தி, ப்ரீக்கு ‘சீஸ்களின் அரசன்’ பட்டம் வாங்கிக் கொடுத்தாராம். போட்டியில் எத்தனை வகை சீஸ் இருந்தது என்பதே சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. எல்லாமே ‘ராம்’ போட்டுச் சொல்ல வேண்டிய கதைகள்.

எனக்கு உறுத்தியது வேறு. இந்தக் கதைகளில் தின்பவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். சமைத்தவர் ஒருத்தரைக்கூடக் காணோம்.

இதையெல்லாம் நான் தேடப் போனதற்குக் காரணம் ஒரு புத்தாண்டு இரவு விருந்து. சின்ன வட்ட ப்ரீயை பஃப் பேஸ்ட்ரி மாவில் பொட்டலம் மாதிரி மடித்துச் சுடுகிற பண்டத்தை நண்பர்களுக்காகச் செய்தேன். பேக்கரி கண்ணாடிப் பெட்டியில் முட்டை பஃப்ஸ் இருக்குமே, அதே மாவுதான். சீஸ் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, மன்னிக்கவும், எடுத்த குளிரோடு இருக்க வேண்டும். மேலே கொஞ்சம் பழ ஜாம், ஒரு பிடி வால்நட். மாவை நான்கு பக்கமும் இழுத்து மூடி, முட்டை பூசி, 200 டிகிரியில் அரைமணி நேரம். வெளியே எடுத்ததும் வெட்டக் கூடாது, பத்து நிமிடம் ஆற வேண்டும். பிறகு கத்தி வைத்தால் உள்ளிருந்து சீஸ் சோம்பலாக வழிந்து வரும். “என்னப்பா, ஃபேமிலி சைஸ் பஃப்ஸா?” என்று ஒருத்தன் கேட்டான். வரலாற்று ரீதியாகப் பார்த்தால் அது அவ்வளவு தப்பான கேள்வி இல்லை.

பிரெஞ்சுப் பெயர் ஒட்டியிருந்தாலும் இது ஒரு அமெரிக்க விருந்துப் பண்டம். 1970, 80களில் அங்கே வீட்டு விருந்துகளில் பரவியது. உண்மையான ப்ரீ த மோ என்பது ஏறக்குறைய ஒன்றே கால் அடி விட்டமுள்ள சக்கரம், எடை மூன்று கிலோவை நெருங்கும். அதை யாரும் மாவில் சுற்ற மாட்டார்கள். தவிர, அது காய்ச்சாத பாலில் செய்வது. காய்ச்சாத பாலில் செய்த சீஸ் 60 நாளாவது பழுத்திருந்தால்தான் அமெரிக்காவில் விற்க முடியும். ப்ரீ அவ்வளவு நாள் காத்திருக்கிற ஜாதி இல்லை. ஆகவே அங்கே கிடைப்பது பாஸ்சரைஸ் செய்த பாலில் ஆலையில் தயாரான, சாதுவான குட்டி வட்டம். அதற்கு ஜாமும் சூடும் மொறுமொறுப்பும் வேண்டியிருந்தன என்பது என் ஊகம்.

வழியாமல் காப்பது மாவு என்றுதான் பார்த்தால் தோன்றும். முக்கால்வாசி வேலையைச் செய்வது சீஸின் மேலிருக்கும் வெள்ளைத் தோல். அது பூஞ்சை. உள்ளே உருகினாலும் அது உருகாது, பை மாதிரி பிடித்து நிற்கும். அந்தத் தூய வெள்ளையும் புதுசுதான். தேர்ந்தெடுத்த பூஞ்சையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவலாகத் தூவத் தொடங்கும்வரை ப்ரீயின் தோல் நீலமும் சாம்பலும் கலந்து திட்டுத்திட்டாக இருந்தது. ராஜாக்கள் தின்றிருந்தால் அதைத்தான் தின்றிருப்பார்கள்.

ஷார்லமேன் கதைக்கு மட்டும் மூலம் கிடைக்கிறது. செயின்ட் காலன் மடத்துத் துறவி நோட்கர் 880களில் எழுதியது, பேரரசர் செத்து எழுபது வருடம் கழித்து. விரத நாள் ஒன்றில் ஷார்லமேன் முன்னறிவிப்பில்லாமல் ஒரு பிஷப் வீட்டில் போய் இறங்குகிறார். கறி ஆகாது, மீன் கிடைக்கவில்லை, சீஸ் வைக்கிறார்கள். பேரரசர் கத்தியால் பூஞ்சையைச் சுரண்டி எறிய, அதுதான் நல்ல பகுதி என்கிறார் பிஷப். தின்று பார்த்தவர், வருடா வருடம் இரண்டு வண்டி ஆகனுக்கு அனுப்பு என்று உத்தரவு போட்டுவிடுகிறார். பிஷப்புக்கு நடுக்கம். சீஸ் வாங்கலாம், ஆனால் எது உள்ளே இப்படி இருக்கும் என்று எப்படித் தெரியும்? பேரரசர் யோசனை சொல்கிறார்: ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டிப் பார், நல்லதைக் குச்சி குத்தி ஒட்டி எனக்கு அனுப்பு, மிச்சத்தை நீயும் உன் ஆட்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ப்ரீ என்ற பெயரே வரவில்லை! எந்த ஊர் என்றும் நோட்கர் சொல்லவில்லை. ப்ரீக்காரர்களும் ரோக்ஃபோர்க்காரர்களும் பிற்காலத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு உத்தரவில் பிஷப்பே கதிகலங்கினார் என்றால், கீழே மாடு கறந்து உறை குத்தியவர்களின் பாடு என்னவாக இருந்திருக்கும்? அதை நோட்கர் எழுதவில்லை.

இங்கிலாந்தில் இரண்டாம் ரிச்சர்டின் தலைமைச் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த சமையல் சுருளில் ‘டார்ட் த ப்ரீ’ என்றே ஒரு குறிப்பு உண்டு. ஓர் அங்குல ஆழ மாவுக் கிண்ணம், முட்டை மஞ்சள் கரு, சீஸ், இஞ்சிப் பொடி, சர்க்கரை, குங்குமப்பூ, உப்பு. பெயரில் ப்ரீ இருந்தாலும் உள்ளே போடச் சொல்வது ‘ருயன்’ என்ற இன்னொரு சீஸை. கலக்கிச் சுடுவதால் தோல் உதவாது, மஞ்சள் கருதான் இறுகிப் பிடிக்கிறது. இஞ்சியைப் பார்த்ததும் எனக்குச் சின்ன சந்தோஷம். ஜிஞ்சர் என்ற சொல்லை மொழியியலாளர்கள் லத்தீன், கிரேக்கம், பாலி வழியாகப் பின்னோக்கிக் கொண்டுபோய் நம் ‘இஞ்சி வேர்’ பக்கத்தில் நிறுத்துகிறார்கள். லண்டன் அரண்மனை அடுப்பில் நம்ம ஊர் வார்த்தை ஒன்று வெந்திருக்கிறது. சரி, பெருமை போதும்.

இன்னும் பின்னால் போனால் கேட்டோ. கி.மு. 160 வாக்கில் இந்த ரோமானியர் பண்ணை நடத்துவது பற்றி எழுதிய புத்தகம்தான் முழுசாகக் கிடைக்கும் மிகப் பழைய லத்தீன் உரைநடை. திராட்சை, ஒலிவம், எரு, கயிறு என்று போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் ‘பிளசென்டா’ என்ற பண்டத்தின் செய்முறை வருகிறது. புளிக்காத, புதிய செம்மறிப்பால் சீஸ் 14 ராத்தல், தேன் நாலரை ராத்தல். நம் கணக்கில் நாலரை கிலோ சீஸ், ஒன்றரை கிலோ தேன். சீஸை மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்து, பிழிந்து, சலித்து, தேன் விட்டுப் பிசைய வேண்டும். அடி மாவின் மேல் மெல்லிய மாவுத் தகடு, சீஸ், தகடு, சீஸ் என்று அடுக்கி, கடைசியில் அடி மாவை இழுத்து மூட வேண்டும். மேலே சூடான மண்மூடி, அதைச் சுற்றி நெருப்பு. நிதானமாக வேகட்டும், இரண்டு மூன்று தடவை திறந்து பார் என்கிறார் கேட்டோ. புத்தாண்டு இரவில் நான் அவன் கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்த்ததும் அதுதான்.

இந்தச் சொல் இன்னும் சாகவில்லை. ருமேனியாவில் பிளாச்சிந்தா என்றால் இன்றும் சீஸ் வைத்த மாவுப் பண்டம். 1559இல் உடற்கூறியலாளர் ரியால்டோ கொலம்போ, தட்டையாக வட்டமாக இருக்கிறதே என்று நஞ்சுக்கொடிக்கு அந்தப் பெயரை வைத்தார். மருத்துவமனையில் பிளசென்டா என்கிறோமே, அது ஒரு பலகாரத்தின் பெயர்.

கேட்டோவே கையில் மாவு ஒட்டச் செய்திருப்பார் என்று நான் நம்பவில்லை. அது அடிமைகள் உழைத்த பண்ணை. கிழட்டு எருதுகளையும் பழைய வண்டியையும் விற்கச் சொல்லும் அதே பட்டியலில், வயதான அடிமையையும் நோயாளி அடிமையையும் விற்றுவிடு என்று எழுதியவர் அவர். பண்ணை வீட்டின் அடுப்பு, கோழி, பழ ஊறல் எல்லாம் விலிகா என்ற பெண்ணின் பொறுப்பு. பொதுவாக அவளும் அடிமை, மேற்பார்வையாளனின் துணை. எஜமானுக்கும் மற்ற ஆட்களுக்கும் அவள் சமைத்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். நல்ல மாவு அரைக்கத் தெரிந்திருக்க வேண்டும். பிளசென்டாவுக்கு மாவு பிசைந்தது யார் என்று புத்தகத்தில் இல்லை. அவளோ, அவள் சொல்படி கேட்ட இன்னொருத்தியோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவளுக்கான விதிகள் 143ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. ஊர் சுற்றக் கூடாது. அக்கம்பக்கத்துப் பெண்களோடு அதிகம் பழகக் கூடாது, அவர்களை வீட்டுக்குள் சேர்க்கவும் கூடாது. யார் வீட்டுக்கும் சாப்பிடப் போகக் கூடாது.