சாயம் போகாத துணியும் சாயம் போன துணியும்



புதுத்துணி முதல் துவைப்பிலேயே சாயம் விட்டால் கடைக்காரரைத் திட்டுகிறோம். ஆனால் நம் சோழமண்டலக் கரையின் துணி உலகத்தின் கண்ணில் இரண்டு முறை பட்டது. முதல் முறை, சாயம் போகாததற்காக. இரண்டாம் முறை, சாயம் போனதற்காக!

17ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து கப்பலேறிய பூவேலைப் பருத்தித் துணிகளைக் கண்டு ஐரோப்பியர் வியந்தனர். எத்தனை முறை துவைத்தாலும் சிவப்பு சிவப்பாகவே நின்றது. காரணம் நம் சாயக்காரர்களின் கைப்பக்குவம். துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து, படிகாரம் ஏற்றி, பிறகு சாயவேரோடு கொதிக்க வைப்பார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். நீரில் கரையாத பிணைப்பு அது.

அந்நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. பிரான்ஸ் 1686இல் இத்துணிகளுக்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1700இல் சட்டம் இயற்றியது. 1721இல் அதை இன்னும் இறுக்கியது. 1742இல் பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ஒருவர், இங்குள்ள சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறையை விரிவான கடிதமாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். தொழில் ரகசியம் கடல் கடந்தது.

இனி இரண்டாவது கதை. 1958இல் அமெரிக்க வணிகர் வில்லியம் ஜேக்கப்சன், கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டம்போட்ட கைத்தறித் துணி வாங்கினார். குளிர்ந்த நீரில் மென்மையாக அலச வேண்டிய துணி அது. அந்த அறிவுரை, உடுத்தியவர்களிடம் போய்ச் சேரவில்லை. இயந்திரத்தில் போட்டார்கள், ஒரு கட்டத்தின் நிறம் அடுத்த கட்டத்தில் இறங்கியது. புகார்கள் குவிந்தன. விளம்பரக்காரர்களோ அதையே பெருமையாக்கி, 'கட்டாயம் சாயம் போகும்' என்று உத்தரவாதம் கொடுத்தே விற்றார்கள்! ஒவ்வொரு துவைப்பிலும் புதுத்தோற்றம் என்று இளைஞர்கள் தேடி வாங்கினர்.

இரண்டிலும் அறிவியல் ஒன்றுதான். நூலோடு பிணையாமல் ஒட்டி மட்டும் நிற்கும் சாயத்தை, நூலை உப்பச் செய்யும் நீரும் சோப்பும் வெளியே இழுத்துவிடும். சூடு அதை விரைவாக்கும். அடித்துத் துவைத்தால் மேலிழைகள் பிய்ந்து, கெட்டிச் சாயமும் மங்கித் தெரியும். 1956இல் பருத்தி இழையோடு வேதியியல் முறையில் பிணையும் சாயங்கள் விற்பனைக்கு வந்த பிறகும், இந்த உராய்வுக்கு மருந்தில்லை.

துணியின் ஆயுளில் பாதி சாயக்காரர் கையில், மீதி துவைப்பவர் கையில். சாயக்காரரின் சொல்லும் துணியோடு சேர்ந்து வர வேண்டும். இன்று அது சட்டைக் காலரின் உள்ளே சிறு சீட்டாக இருக்கிறது. வெட்டி எறியும் முன் ஒருமுறை படியுங்கள். கைத்தறிச் சேலையை முதலில் தனியாக, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். அதை நெய்தவருக்கு நாம் செய்யும் மரியாதை அது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்